எல்லாம் சுயநலம்தானா மாமா?

"உலகத்துல எவனும் எவனுக்காகவும் எதையும் செய்யறதில்ல, எல்லாம் தனக்காகத்தான்" அப்படிங்கற டயலாக்க நீங்களும் கேட்டிருப்பீங்க. டீக்கடைல, ஆபீஸ் கேன்டீன்ல, கல்யாண வீட்ல பந்தி முடிஞ்சு எல்லாரும் கால நீட்டி உக்காந்திருக்கற நேரத்துல யாராவது ஒருத்தர் இத எடுத்து விடுவார், விட்டுட்டு சுத்தி ஒரு பார்வை வேற பாப்பார், ஏதோ உலக ரகசியத்த உடைச்சுட்ட தோரணைல. பதில் சொல்லவும் முடியாது. தாய்ப்பாசம்னா "அவளுக்கு அதுல ஒரு திருப்தி". ரத்த தானம்னா "ஸ்டேட்டஸ் போட்டிருக்கான் பாரு". யாருக்கும் தெரியாம செஞ்சான்னா "புண்ணியம் சேக்கறான்". சரி, சாமியே கும்பிடாதவன் செஞ்சான்னா? "மனசு உறுத்தாம தூங்கணும்ல, அதுக்குத்தான்." எந்த பால் போட்டாலும் சிக்ஸர். எங்க குடும்பத்துல இந்த ஆட்டத்துல அவுட்டே ஆகாத பேட்ஸ்மேன் என்னோட சின்ன மாமா. கூட்டுறவு பேங்க்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர், நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், எதையும் நம்பாத ஒரு சிரிப்பு.

2018 ஆகஸ்ட்ல கேரளா வெள்ளத்துல முங்கினப்போ, கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்து மீனவங்க அவங்க படகுகள லாரில ஏத்திக்கிட்டு செங்கன்னூர், பத்தனம்திட்டான்னு கடலே இல்லாத ஊருக்குள்ள போய் ஆயிரக்கணக்கான ஜனங்கள மீட்டாங்க. ஒரு படகு வாங்கின கடன அடைக்கறதுக்கே அவனவனுக்கு ஆயுசு பத்தாது, அத கொண்டுபோய் காம்பவுண்ட் சுவர் எது கரண்ட் கம்பம் எதுன்னு தெரியாத தண்ணில விட்டாங்க. அரசாங்கம் ஒரு படகுக்கு நாளைக்கு 3000 ரூபாயும் டீசல் செலவும் தர்றோம்னு அறிவிச்சப்போ, கொச்சிப் பக்கத்து மீனவர் ஒருத்தர் எங்க ஆளுங்க உயிர காப்பாத்தினதுக்கு காசு வேணாம்னு வீடியோ போட்டார். நான் அத மாமாகிட்ட காட்டினேன், இப்ப என்ன சொல்றீங்கன்னு. முழுசா பாத்தார். கண்ணாடிய கழட்டினார். "வீடியோ எதுக்குப் போட்டான்?" அப்படின்னார்.

சிரிச்சுட்டு விட்ருக்கலாம். ஆனா எனக்கு அது உள்ளயே கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா அவரு சொல்றது உண்மைன்னா அறம், தர்மம், நியாயம்னு நாம பேசற மொத்தமும் மேல்பூச்சுன்னு ஆயிடுது, அடியில இருக்கறது கணக்கு மட்டும்தான். மனுஷனோட இயல்புல அதுக்குன்னு ஒரு வேரே இல்ல. அப்படித்தானான்னு தெரிஞ்சுக்காம விடக்கூடாதுன்னு கைல கெடச்சதயெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். (வேலைவெட்டி இல்லையான்னு வீட்ல கேட்டாங்க, அது வேற கதை.)

ஹாப்ஸ் போட்ட ஆறு பென்னி

மாமாவோட கட்சிக்கு பெரிய தலைவர்னா இங்கிலாந்து தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ்தான். பொதுவா ஒரு அதிகாரம் இல்லன்னா மனுஷ வாழ்க்கை ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்கற சண்டதான்னு 1651லயே எழுதினவர். அவரப்பத்தி ஒரு கதை உண்டு, அவரோட நண்பர் ஜான் ஆப்ரி எழுதி வெச்சது. லண்டன் தெருவுல ஒரு வயசான நோயாளி பிச்சை கேக்கறார், ஹாப்ஸ் இரக்கமா பாத்து ஆறு பென்னி போடறார். பக்கத்துல நின்ன பாதிரியார் விடுவாரா, ஏசு சொல்லலன்னா நீ இத செஞ்சிருப்பியான்னு கேக்கறார். செஞ்சிருப்பேன்னு சொல்றார் ஹாப்ஸ். ஏன்? அந்தக் கெழவனோட நெலமய நெனச்சு எனக்கு வலிச்சுது, இந்தக் காசு அவனுக்கு கொஞ்சம் ஆறுதல் குடுக்குது, எனக்கும் ஆறுதலா இருக்கு. இத படிச்சப்போ மாமா குரல்தான் கேட்டுச்சு எனக்கு.

இதுக்கு பதில் சொன்னது ஜோசப் பட்லர்னு ஒரு பாதிரியார், 1726ல வந்த அவரோட பிரசங்கத் தொகுப்புல. அவரு சொன்னத என் பாஷைல சொல்றேன். பசிக்கற ஒருத்தருக்கு சாப்பாடு வாங்கிக் குடுக்கறோம், மனசு நெறஞ்சுடுது, சரி. அந்த சந்தோஷம் எங்கேர்ந்து வந்துச்சு? அவரு பசி ஆறணும்னு எனக்கு முன்னாடியே ஒரு ஆசை இருந்ததுனாலதான வந்துச்சு. அந்தாளு பசிச்சா என்ன செத்தா என்னன்னு இருக்கறவனுக்கு, சாப்பாடு வாங்கிக் குடுத்தா பர்ஸ்ல காசு போனதுதான் மிஞ்சும், சந்தோஷம் எப்படி வரும்? அப்போ மொதல்ல இருக்கறது அடுத்தவன் மேல அக்கற, சந்தோஷம் அதுக்குப் பின்னாடி வர்றது. மாமா கட்சி பின்னாடி வந்தத தூக்கி முன்னாடி வெச்சு, பாத்தியா இதுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லுது. இன்னொண்ணும் உண்டு. எது நடந்திருந்தா உங்க தியரி தப்புன்னு ஒத்துக்குவீங்கன்னு கேட்டா அவங்ககிட்ட பதிலே கெடையாது. எது நடந்தாலும் சரின்னு வர்ற தியரி எதப்பத்தியும் எதுவும் சொல்லலன்னுதான் அர்த்தம். காப்பாத்தினவனும் சுயநலம், கரைல நின்னு வேடிக்க பாத்தவனும் சுயநலம்னா, அப்ப ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசந்தான எனக்கு வேணும்.

கி.மு. நாலாம் நூற்றாண்டுல சீனால மென்சியஸ்னு ஒரு தத்துவவாதி இதயே வேற வழில புடிச்சார். ஒரு குழந்த கிணத்துக்குள்ள விழப் போறத திடீர்னு பாக்கற எவனுக்கும் நெஞ்சு பதறும்னு சொல்றார். பெத்தவங்ககிட்ட நல்ல பேர் வாங்கறதுக்கு இல்ல, ஊரு மெச்சணும்னு இல்ல, குழந்த அலற சத்தம் புடிக்காதுங்கறதுக்காகவும் இல்ல. ஒவ்வொரு காரணமா அவரே எடுத்து ஓரமா வெச்சுடறார் பாருங்க, 'வீடியோ எதுக்குப் போட்டான்'னு ஒரு மாமா அந்தக் காலத்துலயும் இருந்திருக்கணும். கவனிக்க வேண்டியது, ஓடிப்போய் காப்பாத்துவான்னு மென்சியஸ் சொல்லல, பதறுவான்னு மட்டுந்தான் சொல்றார். பதற்றம் முளைதான், பயிர் ஆகுமா கருகிப்போகுமாங்கறது அப்புறம்.

இத லேப்லயும் செஞ்சு பாத்தாங்க. அமெரிக்கால கேன்சஸ்ல டேனியல் பேட்ஸன்னு ஒரு சைக்காலஜி ஆளு, 1981ல. ஒரு பொண்ணு ஷாக் வாங்கறத டிவில பாக்க வெச்சாங்க (நடிப்புதான், நெஜ ஷாக் இல்ல). ஒரு குரூப்புக்கு ரெண்டு ரவுண்டு பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடலாம், இன்னொரு குரூப் கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கணும். ஹாப்ஸ் சொன்னது சரின்னா, என் வலி தீரணும்ங்கறதுதான் நோக்கம்னா, எந்திரிச்சுப் போறதுதான் ரொம்ப ஈசி. ஆனா அந்தப் பொண்ணு மேல ஒட்டுதல் வந்தவங்கள்ல நெறய பேர், கெளம்பறதுக்கு வழி இருந்தும் மிச்ச ஷாக்க நான் வாங்கிக்கறேன்னாங்க. எனக்கு ஒரே குஷி. மாமா மாட்டினார்னு நெனச்சுக்கிட்டேன்.

அதே பேட்ஸன் 1973ல ஜான் டார்லி கூட சேந்து செஞ்ச இன்னொண்ணையும் சொல்லாம விட்டா நியாயமா இருக்காது. பிரின்ஸ்டன்ல பாதிரியாராகப் படிக்கற 40 பேர ஒவ்வொருத்தரா பக்கத்து பில்டிங்குக்குப் போய் ஒரு பேச்சு பேசுன்னு அனுப்பறாங்க, அதுல பாதிப் பேருக்கு தலைப்பே பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதைதான், வழில அடிபட்டுக் கெடந்தவனுக்கு ஒதவினவன் கதை. போற சந்துல ஒருத்தர் சுருண்டு கெடந்து இருமறார், முனகறார். டைம் நெறய இருக்குன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்துல ஒதவி செஞ்சாங்க, லேட் ஆயிடுச்சு ஓடுன்னு அனுப்பினவங்கள்ல 10 சதவீதம். சமாரியன் கதையப் பத்தி பேசப் போனவங்க மத்தவங்களவிட ரொம்ப அதிகமா ஒதவினாங்கன்னும் சொல்ல முடியல. அதாவது மென்சியஸோட முளை எல்லார்கிட்டயும் இருக்கலாம், ஆனா கைக்கடிகாரம் அத மிதிச்சுட்டுப் போயிடும். இரக்கம் நெஜம், ஆனா அத நம்பி எதையும் கட்ட முடியாது போலருக்கேன்னு ஒரு நெருடல் அப்பவே வந்துச்சு. நான் அத பெருசா கண்டுக்கல, எனக்கு மாமாவ ஜெயிக்கணும்.

திவசத்து அன்னிக்கு

பெரிய மாமா, அதாவது இவரோட அண்ணன், ஸ்ட்ரோக் வந்து பல வருஷம் படுக்கைல கெடந்து போனார். பெரிய அத்தை முன்னாடியே தவறிட்டாங்க, புள்ள குட்டி இல்ல. சின்ன மாமாதான் தன் வீட்லயே வெச்சு பாத்தார். மூக்குல டியூப், யூரின் பேக், டயப்பர், எல்லாம் அவரேதான், ஆள் வெக்க வசதி இல்ல. மொத வருஷ திவசத்துக்கு எல்லாரும் போயிருந்தோம். சாப்பாடு முடிஞ்சு திண்ணைல உக்காந்திருக்கறப்போ ஒரு பெரியம்மா மாமா கையப் புடிச்சுக்கிட்டு, "ஒன்ன மாதிரி ஒரு தம்பி யாருக்குடா கெடைப்பான், நீ சாமிடா" அப்படின்னு அழுதாங்க. மாமா மொகம் மாறிடுச்சு. "சாமியும் இல்ல பூதமும் இல்லக்கா, எல்லாம் சுயநலம்தான்"னுட்டு சிகரெட்ட பத்த வெச்சார்.

பெரியம்மா அந்தப் பக்கம் போனதும் நான் ஆரம்பிச்சேன். பட்லர், கிணத்தடிக் குழந்த, ஷாக், எல்லாத்தயும் எறக்கினேன். வழக்கமா நடுவுல வெட்டிப் பேசறவரு அன்னிக்கு வெட்டவே இல்ல, சிகரெட் தீர்ற வரைக்கும் கேட்டார். அப்புறம் சொன்னார்: "மாப்ள, நீ சொல்ற இரக்கம், பதற்றம், அதெல்லாம் மொத மாசம் இருந்துச்சு. அப்புறம் இல்ல. அண்ணன் மேல எனக்கு பெரிய பாசமெல்லாம் கெடையாதுடா, சொத்து பிரிக்கறப்போ அவரு என்ன படுத்தினது ஒங்கம்மாவ கேளு. கஞ்சிய டியூப்ல ஊத்தறப்போ மனசுக்குள்ள கெட்ட வார்த்தைல திட்டிக்கிட்டே ஊத்தியிருக்கேன். எப்படா போவாருன்னு நெனச்சிருக்கேன். விட்டா ஊரு காறித் துப்பும்னு பயந்துதான் செஞ்சேன். அதுக்குப் பேரு சுயநலம் இல்லாம வேற என்ன? சாமிங்கறாங்க. காதுல கேக்கவே கூசுது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. இவரு இந்த டயலாக்க ஓயாம பேச ஆரம்பிச்சதே பெரிய மாமா விழுந்ததுக்கு அப்புறந்தான்னு அப்பத்தான் ஒறச்சுது. உலகத்த கொற சொல்றதுக்காக இல்ல, தன்ன யாரும் புகழ்ந்துடக் கூடாதுங்கறதுக்காக ஒரு தியரியே புடிச்சு வெச்சிருக்கார் மனுஷன். நானோ இத்தன நாளா அவரு கேக்காத கேள்விக்கு ஆதாரம் சேத்துக்கிட்டு இருந்திருக்கேன். மனுஷங்கிட்ட அன்பு இருக்கா இல்லயாங்கறது இல்ல அவரோட பிரச்சன. அன்பு வரலயே, வராமலேயே செஞ்சேனே, அப்ப அது என்ன? இதான் அவரு கேக்கறது. மென்சியஸ்கிட்ட இதுக்கு பதில் தேடினா கஷ்டம். முளை கருகின நெலத்துல பல வருஷமா வெள்ளாம எப்படி நடந்துச்சு?

இந்த எடத்துல ஜெர்மன் தத்துவவாதி கான்ட் வருவார், வந்தே ஆகணும். அடுத்தவங்கள சந்தோஷப்படுத்தறதுல தனக்கே சந்தோஷம் இருக்கறதுனால ஒதவறவன் நல்லவன்தான், ஆனா அதுல தனியா ஒழுக்க மதிப்பு ஒண்ணும் இல்ல, தன் சொந்த துக்கத்துல மனசு மரத்துப்போய் யார் மேலயும் இரக்கமே வராத நெலமைலயும், செய்ய வேண்டியதுங்கற ஒரே காரணத்துக்காக செய்யறான் பாரு, அப்பத்தான் அந்தச் செயலுக்கு முழு மதிப்புன்னு 1785ல எழுதினார். காலேஜ்ல படிச்சப்போ எனக்கு இது சுத்தமா புடிக்கல, என்னடா இவ்வளவு வறண்ட மனுஷனா இருக்காரேன்னு. 1976ல மைக்கேல் ஸ்டாக்கர்னு ஒரு தத்துவவாதி இதுக்கு ஒரு நல்ல எதிர்க்கேள்வி கேட்டார்: நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, நண்பர் பாக்க வர்றார், ரொம்ப சந்தோஷம்னு சொல்றீங்க, அவரு "இல்ல இல்ல, வர வேண்டியது என் கடமை, அதான் வந்தேன்"ங்கறார், அத முழு சீரியஸா சொல்றார். எப்படி இருக்கும்? நான் எப்பவும் ஸ்டாக்கர் கட்சி. ஆனா படுக்கைல கெடந்த பெரிய மாமாவுக்கு, பாசமா ரெண்டு தடவ ஆரஞ்சுப்பழத்தோட வந்து கண்ணு கலங்கிட்டுப் போன எங்கள எல்லாம் விட, திட்டிக்கிட்டே கஞ்சி ஊத்தினவருதான தேவப்பட்டார்.

இருந்தாலும் மாமா சொன்னது கான்டுக்கும் முழுசா பொருந்தல. ஊருக்கு பயந்தேன்ங்கறாரே. அது கடமையும் இல்லயே. அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. படுக்கைல கெடக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், இல்லன்னா முதுகு, இடுப்பு, குதிகால்னு தோலு கொழகொழன்னு ஆகி படுக்கைப்புண் வந்துரும், வந்துட்டா லேசுல ஆறாது. மாமா பட்டன் போன்ல அலாரம் வெச்சு ராத்திரியெல்லாம் எந்திரிச்சு திருப்பிப் போட்டிருக்கார். கடைசி வரைக்கும் பெரிய மாமா ஒடம்புல ஒரு புண்ணு இல்ல, ஊசி போட வர்ற நர்ஸ் அத சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவாங்க. நான் கேட்டேன், "ஊருக்கு பயந்து செஞ்சீங்க, சரி மாமா. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஊரு பாத்துச்சு? அத்தைகூட தூங்கிட்டு இருப்பாங்க. ஒரு ராத்திரி தூங்கியிருந்தா எவனுக்குத் தெரியும்?"

என்ன ஒரு மாதிரி பாத்தார், படிச்ச முட்டாளப் பாக்கற பார்வை. "திருப்பிப் போடலன்னா புண்ணு வந்துரும்லடா."

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு காரணம் இருக்கணும்னே அவருக்குத் தோணல. அப்புறம் யாரோ கூப்ட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டார்.

அந்த பதில்ல என்ன இருக்கு

நான் தேடித் தேடி அலைஞ்சது அந்த ஒரு வரிலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது, எப்படின்னு சொல்லிப் பாக்கறேன். அதுல பாசம் இல்ல. கடமைன்னு நெஞ்ச நிமித்தறதும் இல்ல. ஊரும் இல்ல, புண்ணியமும் இல்ல. இந்தப் பிறவில செஞ்சா அடுத்த பிறவிக்கு ஆகும்னு கணக்குப் போடறவன 'அறவிலை வணிகன்'னு புறநானூறு ஓரங்கட்டுது இல்லயா, முடமோசியார்ங்கற புலவர் ஆய்ங்கற வள்ளல பத்தி பாடறப்போ, அவன் அந்த வியாபாரி இல்லன்னு. மாமா வியாபாரியும் இல்ல, வள்ளலும் இல்ல. அவரு சொன்ன காரணத்துல அவரே இல்ல. அண்ணனோட முதுகு மட்டுந்தான் இருக்கு. சுயநலக் கட்சி என்ன சொல்லுதுன்னா நான் செய்யற எல்லாத்துக்கும் காரணம் கடைசில என்கிட்டதான் வந்து முடியும்னு. இங்க முடியலயே, அது இன்னொரு ஒடம்புல போய் நின்னுடுச்சு. அவரு நல்லவரா கெட்டவரா, அந்த நேரம் மனசுக்குள்ள என்ன ஓடுச்சு, திட்டினாரா கும்பிட்டாரா, இதெல்லாம் புண்ணுக்கு சம்பந்தமே இல்லாத சமாச்சாரம்.

டேவிட் ஹ்யூம்னு ஒரு ஸ்காட்லாந்து தத்துவவாதி, அவரு இருந்திருந்தா இந்த எடத்துல கைய தூக்கியிருப்பார். 'இருக்கு'ங்கறதுலேர்ந்து 'செய்யணும்'ங்கறதுக்கு எப்படிய்யா தாவினன்னு 1740லயே கேட்டு வெச்சுட்டுப் போயிட்டார். புண்ணு வரும்ங்கறது ஒரு தகவல், திருப்பிப் போடணும்ங்கறது ஒரு கட்டளை, நடுவுல ஒரு ஆசையோ உணர்ச்சியோ இருந்தாத்தான் பாலம். லாஜிக்கா பாத்தா அவரு சொல்றதுல ஓட்ட கண்டுபுடிக்க எனக்கு தெம்பு இல்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கறப்போ அந்த ரெண்டுக்கும் நடுவுல எடவெளின்னு ஒண்ணு மாமாவுக்கு தென்படவே இல்லயே. எனக்கு என்ன படுதுன்னா, நாமளும் புண்ணு வர்ற ஒடம்போட இருக்கறவங்க, யாராவது திருப்பிப் போடாம கெடந்தா அழுகிப் போறவங்க, பொறந்தப்போ அப்படித்தான் கெடந்தோம், போறப்போ நெறய பேர் அப்படித்தான் கெடக்கப் போறோம், அதனால புண்ணுங்கற தகவல் நமக்கு வெறும் தகவலா வந்து சேர்றதே இல்ல. கல்லு மாதிரி இருக்கற ஒரு ஜீவனுக்கு வேணா ஹ்யூமோட எடவெளி முழுசா தெரியலாம்.

ரொம்ப அழகா முடிச்சுட்டேன்ல, ஆனா முடியல. அன்னிக்கு சாயங்காலம் கெளம்பறப்போ கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்னா செஞ்சிருப்பீங்களா மாமான்னு. "பைத்தியமாடா நீ" அப்படின்னார். அவரு முதுகுலயும் அதே புண்ணுதான வரும்? மஸ்கட்ல இருக்கற இன்னொரு மாமா மாசம் தவறாம பணம் அனுப்பினார், ஒரு ராத்திரி வந்து தங்கல. அவருக்கும் அதே அண்ணன், அதே முதுகு. அப்போ காரணம் எல்லாருக்கும் பொதுவா இருக்கு, அது கண்ணுல படறது மட்டும் ரத்தம், தூரம், நேரம்னு எதஎதயோ பொறுத்து இருக்கு. பிரின்ஸ்டன் சந்துல நடந்ததும் இதான். எல்லார் மேலயும் ஒரே அளவு அக்கற வைக்கணும்னு மென்சியஸுக்கு முன்னாடியே சீனால மோட்ஸுன்னு ஒரு தத்துவவாதி சொன்னத, அப்பன அப்பனா பாக்காத பேச்சுன்னு மென்சியஸே கோவப்பட்டார். வள்ளுவர் அன்ப பத்தி பேசற அதிகாரத்துலயே "அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை"ன்னு ஒரு குறள் வெச்சிருக்கார். உரைகாரங்க, பகைய வெல்லவும் அன்புதான் தொணன்னு நல்லபடியாத்தான் பொருள் சொல்றாங்க. எனக்கு மட்டும் அத படிக்கறப்போ எல்லாம், எங்காளுங்கற பாசத்துல அடுத்தவன வெட்டப் போறவன்தான் ஞாபகத்துக்கு வர்றான். அண்ணன் முதுகு தெரிஞ்ச கண்ணுக்கு அடுத்த வீட்டு முதுகு தெரியறதுக்கு என்ன வேணும்? சட்டமா, படிப்பா, இல்ல பயந்துபோய் ஒரு தடவயாவது நாமளே படுக்கைல கெடக்கணுமா? கேரளாவுல படகு எடுத்துட்டுப் போனவங்களுக்கு அது எப்படியோ தெரிஞ்சிருக்கு, கடல்ல தெனமும் ஒருத்தன நம்பி ஒருத்தன் போறதுனாலயோ என்னமோ.

போன வாரம் மாமா போன் பண்ணினார், அவராவே. "யோசிச்சுப் பாத்தேன் மாப்ள. அது சுயநலமும் இல்ல, நீ சொல்ற மாதிரி பெரிய தத்துவமும் இல்ல. வெறும் பழக்கம்." நல்லத திரும்பத் திரும்ப செஞ்சுதான் நல்லவன் ஆகறோம்னு அரிஸ்டாட்டில் சொன்னத எடுத்து விடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொன்னா மாமா இந்தக் கட்சியவும் விட்டு மாறிடுவாரேன்னு அடக்கிக்கிட்டேன். மொத ராத்திரி பழக்கம் இல்லயே மாமா, அன்னிக்கு ஏன் எந்திரிச்சீங்கன்னு கேட்டேன். "நர்ஸு சொல்லிச்சு, செஞ்சேன்." சொன்னா செஞ்சுருவீங்களா, டாக்டர் ஒங்க நெஞ்சுக்காக சிகரெட்ட விடச் சொல்லி எத்தன வருஷம் ஆச்சுன்னேன். "அது வேற, இது வேற"ன்னார். எப்படி வேறன்னு கேட்டேன். சிக்னல் சரியில்லன்னு சொல்லி கட் பண்ணிட்டார்.